துண்டுக்குள் முடிந்த கம்ப்யூட்டர் வியாபாரம்

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு உதறு உதறினார். வலது கையை என் பக்கம் நீட்டி, அதன்மேல் துண்டை விரித்துப் போட்டார்.

"வா தாயி, பேசுவோம்" என்றார்.

அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றார். அம்மாவின் தம்பி சோமு மாமா காபி டம்ளரை வாய்வரை கொண்டுபோய்விட்டுக் குடிக்க மறந்துபோனார். நான் அப்போது ப்ளஸ் ஒன். எங்கள் வீட்டுக் கூடத்தில், பட்டப்பகலில், பெற்ற மகளோடு மாட்டுச் சந்தையில் பேசுவதுபோலத் துண்டு போட்டுப் பேச உட்கார்ந்தார் அப்பா. பேச்சு மாட்டைப் பற்றியது இல்லை. கேம் ஆடுகிற கம்ப்யூட்டரைப் பற்றியது.

நாங்கள் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மதுரைக்குக் குடிவந்த கதையைப் போன வாரம் இந்தப் பகுதியில் படித்த ஒரு வாசகி, "உங்கள் வீட்டில் அப்பா வைத்ததுதான் சட்டமா?" என்று கேட்டிருந்தார். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் சிரித்தார். எங்கள் வீட்டில் பால்காரரை மாற்றுவதிலிருந்து பள்ளிக்கூடம் சேர்ப்பதுவரை அம்மா வைத்ததுதான் சட்டம். அப்பா வாரத்தில் பாதி நாள் சந்தை சந்தையாக அலைகிறவர். வீட்டுக்கு வந்தால் விருந்தாளி மாதிரி இருந்துவிட்டுப் போவார். அப்படிப்பட்டவர் அன்றைக்குத் துண்டை எடுத்ததால்தான் மாமாவுக்குக் காபி ஆறிப்போனது.

துண்டும் விரலும்

அப்பா பெயர் காசிமாயன். மாட்டுத் தரகர். உசிலம்பட்டிச் சந்தையில் "காசி அண்ணே" என்று கூப்பிட்டால் நாலு பக்கமிருந்தும் அவரைக் கைகாட்டுவார்கள்.

மாட்டு விலையை வாயால் பேசுகிற வழக்கம் அங்கே கிடையாது. வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் இருக்கும். விரலைப் பிடித்து விலை கேட்பார்கள். விரலை மடக்கிக் குறைப்பார்கள், உதறிவிட்டு மறுப்பார்கள். சுற்றி எத்தனை பேர் நின்றாலும் ஒன்றும் தெரியாது. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், மழை வருமா என்று யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்திருப்பார்கள். பேச்சு முடிந்தபிறகு எம்புட்டுக்கு முடிந்தது என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டாலும் சொல்லக் கூடாது.

சின்ன வயதில் அப்பா என்னோடு இதை விளையாட்டாகச் செய்வார். சந்தையிலிருந்து வாங்கிவந்த காராச்சேவுப் பொட்டலத்தைப் பின்னால் ஒளித்துக்கொண்டு துண்டைப் போடுவார். எத்தனை கை அள்ளிக்கொள்ளலாம் என்று விரலால் பேச வேண்டும். அம்மா கத்துவார். "பொம்பளப் புள்ளைய என்னத்துக்குத் தரகராக்கிக்கிட்டு இருக்கீக?"

சந்தையில் இன்னொரு வழக்கமும் உண்டு. துண்டைப் போடுவதற்கு முன்னால் அப்பா, "குறையைச் சொல்லு" என்பார். மாடு முட்டுமா, உதைக்குமா, ஏற்றத்தில் வண்டியை இழுக்காமல் படுத்துக்கொள்ளுமா, எல்லாவற்றையும் விற்கிறவன் சொல்லிவிட வேண்டும். குறையே இல்லை என்கிறவனிடம் அப்பா துண்டை எடுக்கவே மாட்டார். முட்டுகிற மாடு என்று தெரிந்தே வாங்கிப்போன ஆட்கள் உண்டு. மறைத்து விற்றவனிடம் மறுபடி வந்த ஆள் கிடையாது.

வாசலுக்கு வந்த பந்து

எனக்கு எதற்குக் கம்ப்யூட்டர் என்று சொல்ல வேண்டுமென்றால் ரப்பர் பந்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மதுரைக்கு மேற்கே, பைபாஸ் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் எங்கள் வீடு. சாயங்காலமானால் தெரு முழுக்கக் கிரிக்கெட். கரண்ட் கம்பம்தான் ஸ்டம்ப். நான் வேகப்பந்து. பெருமைக்குச் சொல்லவில்லை, என் பந்துக்குப் பயந்து கம்பத்துக்குப் பின்னால் போய் நின்று பேட் பிடித்தவன் இன்றைக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்.

பிறகு எனக்குச் சடங்கு நடந்தது. பந்தல், தாய்மாமன் சீர், மைக் செட் எல்லாம் அமர்க்களம். முடிந்து சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் பந்து எங்கள் வாசலுக்கு உருண்டு வந்தது. எடுத்துக் கையை ஓங்கினேன்.

"குடுத்துட்டு உள்ள வா" என்றார் அம்மா.

எறியாமல், நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான். யாரும் திட்டவில்லை, கதவைப் பூட்டவில்லை. "இனிமே என்ன வெளையாட்டு" என்று அம்மா சாதாரணமாகச் சொன்னார். அம்மாவிடம் அவருடைய அம்மாவும் இதே குரலில்தான் சொல்லியிருப்பார். ஈடாக எனக்கு ஒரு பித்தளைத் தாயக்கட்டை கிடைத்தது. தாயத்தில் ஓடுவது காய்தானே. நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன்.

ப்ளஸ் ஒன்னில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஜமுனா. சௌராஷ்டிரக் குடும்பம், அவள் அப்பாவுக்கு ஜவுளி வியாபாரம். அவள் அண்ணன் காலேஜில் கம்ப்யூட்டர் படித்ததால் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு சனிக்கிழமை அவள் அதில் கார் ரேஸ் போட்டு என்னை உட்கார வைத்தாள்.

கடலோரம் வளைந்து வளைந்து போகிற ரோடு. நான்கே பட்டன். அமுக்கினால் கார் பறந்தது. முதல் வளைவில் மோதினேன், இரண்டாவதில் தப்பித்தேன். அதற்கப்புறம் எனக்கு நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. பின்னால் ஜமுனாவின் அம்மா அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்னவென்று கேட்டேன்.

"கார் திரும்பினா நீ ஏன்டி சாயுறன்னு கேக்குறாங்க" என்றாள் ஜமுனா.

உண்மைதான். ஒவ்வொரு வளைவுக்கும் நாற்காலியோடு சாய்ந்திருக்கிறேன். உடம்பெல்லாம் வியர்த்து நெஞ்சு திக்திக்கென்று அடித்தது. பந்து வீசி முடித்துத் திரும்பி நடக்கும்போது அப்படித்தான் அடிக்கும். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

வாரா வாரம் இன்னொரு வீட்டுக்குப் போய் உட்கார முடியாது. டவுனில் பையன்கள் கூட்டமாகக் கேம் ஆடுகிற சென்டர் ஒன்று மாடியில் இருந்தது. ஒருநாள் ஜமுனாவும் நானும் துணிந்து படியேறினோம். உள்ளே இருந்த அத்தனை தலையும் திரும்பியது. கடைக்காரர் நல்ல மனிதர். எழுந்து வந்து, "ஈமெயில் பாக்கணும்னா கீழ இருக்கு தங்கச்சி" என்றார். இறங்கி வந்துவிட்டோம். ஆக, நான் விளையாட வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும்.

ஊரெல்லாம் சொன்ன காரணம்

அந்த வருடங்களில் மதுரையில் கம்ப்யூட்டர் வாங்கிய எல்லா வீட்டிலும் படிப்புக்குத்தான் வாங்கினார்கள். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, பொட்டு வைத்து, பூப் போட்டு, நைட்டி மாதிரி ஒரு உறை தைத்து மாட்டியிருப்பார்கள். உறையைத் தூக்கினால் பையன் உள்ளே யாரையாவது சுட்டுக்கொண்டிருப்பான்.

"நீயும் படிப்புன்னு சொல்லுடி. எங்க அண்ணன் ப்ராஜக்ட்டுன்னுதான் சொன்னான்" என்றாள் ஜமுனா.

எனக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது. அதைக் கெடுத்தவர் சோமு மாமா. மாமா ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தார். கம்ப்யூட்டரைத் தொட்ட முதல் ஆள் எங்கள் வம்சத்தில் அவர்தான் என்பதால் அவர் சொன்னால் அம்மாவுக்கு வேதவாக்கு. நான் அம்மாவிடம் கம்ப்யூட்டர் என்று லேசாக இழுத்ததுமே மாமாவுக்குச் செய்தி போய், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்துவிட்டார்.

"மச்சான், புள்ளைக்குக் கம்ப்யூட்டர் நல்லதுதான். தெரிஞ்ச எடத்துல பழசு ஒண்ணு சும்மா கெடக்கு, கேட்டாக் குடுத்துருவாக. டைப் அடிச்சுப் பழகலாம், கணக்குப் போடலாம். வேற ஒரு கர்மமும் அதுல ஓடாது. கேமு கீமுன்னு கெட்டுப்போக வழியே இல்ல" என்றார்.

அம்மாவுக்கு முகம் மலர்ந்தது.

படிப்புக்கு என்று சொன்னால் இந்தப் பழசு வந்துவிடும். அது வந்துவிட்டால் இன்னொன்று இந்த ஜென்மத்தில் வராது. கார் ஓடாத ஒரு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து காலம் பூராவும் டைப் அடிக்க வேண்டியதுதான். விளையாட்டுக்கு என்று சொன்னால் அதுவும் வராது, அடிதான் விழும்.

அப்பா இலையை மடித்துவிட்டுக் கை கழுவி வந்தார். என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு எதுக்குத் தாயி அது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வெளையாடப்பா" என்றேன்.

குறையைச் சொல்லு

அம்மா பொரிந்து தள்ளிவிட்டார். "கேட்டியாடா சோமு? பதினொண்ணாப்புப் படிக்கிறவளுக்கு வெளையாட்டு கேக்குதாம்! நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போகவேண்டிய புள்ள. ஊருல என்ன சொல்லுவாக?"

மாமா, கேம் ஆடிப் பரீட்சையில் கோட்டைவிட்ட பையன்களின் பட்டியலை எடுத்துவிட்டார். அத்தனையும் உண்மைக் கதைகள். அவர்கள் இரண்டு பேரையும் நான் குறை சொல்ல மாட்டேன். என்மேல் உள்ள பிரியத்தில் பயந்தார்கள்.

அப்பா கயிற்றுக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என்னை எதிரே உட்காரச் சொன்னார்.

"சரி. அதோட குறையைச் சொல்லு."

இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை. அவர் காத்திருந்தார். சந்தையில் காத்திருப்பதைப்போல, அவசரமே இல்லாமல்.

"கரண்ட் நெறைய தின்னும்ப்பா" என்றேன்.

"ம்."

"சூடாகும். சத்தம் போடும். தூசி ஆகாது. இன்னும் கொஞ்ச வருசத்துல புதுக் கேமெல்லாம் இதுல ஓடாது, பழசாப் போயிரும்."

"ம். வேற?"

"உக்காந்தா எந்திரிக்க மனசு வராதுப்பா. ஜமுனா வீட்டுல அவ மூணு தடவ கூப்பிட்ட பெறகுதான் நான் எந்திரிச்சேன்."

"படிப்புக்கு உதவுமா?"

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் உதவும் என்று சொல்லியிருந்தால்கூடத் தப்பில்லை.

"கேமு ஒண்ணும் உதவாதுப்பா."

அதற்குப் பிறகுதான் அப்பா துண்டை எடுத்தார்.

கையைத் துண்டுக்குள் விட்டேன். அப்பாவின் உள்ளங்கை மாடு கட்டும் தும்புக்கயிறு பிடித்துப் பிடித்துத் தோல் தடித்துச் சொரசொரப்பாக இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பதுதான் பேச்சு என்று அவர் விரலைத் தொட்டதுமே புரிந்துவிட்டது. நான் கேட்டேன். அவர் உதறினார். குறைத்தேன். மறுபடி உதறினார். அம்மா, "என்னதான் பேசுறீக ரெண்டு பேரும்?" என்று கிட்ட வந்து எட்டிப் பார்த்தார். மாமா குனிந்தே பார்த்துவிட்டார். நானும் அப்பாவும் மழை வருமா என்று யோசிக்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் அப்பா என் விரல்களைச் சேர்த்துப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். முடிந்தது.

எத்தனை மணி நேரத்துக்கு முடிந்தது என்று அம்மா அன்றைக்கும் கேட்டார், நேற்றும் போனில் கேட்டார். எழுதினால் படித்துத் தெரிந்துகொள்வார். அதனால் இங்கேயும் எழுத மாட்டேன்.

கயிறு மாற்றிய கதை

கடைக்கு டவுன் பஸ்ஸில் போனோம். கூட்டத்தில் எனக்கு மட்டும் உட்கார இடம் கிடைத்தது. அப்பா பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"முன்ன எல்லாம் சந்தை முடிஞ்சு வரயில, தெருமுக்குல திரும்புறப்பவே ஒன் சத்தம் கேக்கும். 'அவுட்டு அவுட்டு'ன்னு கத்துவ. இப்ப கேக்குறதில்ல."

அதைக் கவனிக்க வீட்டில் ஒருவர் இருந்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அழுகை வந்துவிடுமோ என்று டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டிக் கசக்கினேன்.

கம்ப்யூட்டர்களைப் பார்ட் பார்ட்டாகச் சேர்த்துக் கொடுக்கிற சின்னக் கடை அது. பாஸ்கரன் என்று ஒருவர் நடத்தினார். அப்பா பெட்டியைச் சுற்றி இரண்டு சுற்று வந்தார். பக்கவாட்டு மூடியைக் கழற்றச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தார். மாட்டுக்குப் பல் பிடித்து வயது பார்ப்பதுபோலப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். பாஸ்கரனுக்குப் பாவம் தெரியாது.

"என்னங்கய்யா தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல. ஓட்டிக் காட்டுங்க."

கார் ரேஸைப் போட்டார்கள். நான் உட்கார்ந்து ஓட்டினேன். அப்பா திரையைப் பார்க்கவே இல்லை. வளைவுக்கு வளைவு நான் சாய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இதையே குடுங்க" என்றார்.

ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மா மனமில்லாமல் சூடம் சுற்ற, மேஜையில் வைத்தபிறகுதான் தெரிந்தது, கரண்ட் ஒயர் இல்லை. பெட்டிக்கும் இல்லை, மானிட்டருக்கும் இல்லை.

"ஒயர் எங்கப்பா?"

"அதை நான் எடுத்துக்கிடல. கடையிலயே குடுத்துட்டேன்."

எங்கள் பக்கம் மாட்டை விற்றால் கட்டியிருந்த கயிற்றோடு கொடுக்க மாட்டார்கள். பழைய கயிறு விற்றவன் வீட்டுக்குப் போக வேண்டும். வாங்குகிறவன் புதுக்கயிறு மாட்டி ஓட்டிவர வேண்டும். கடையில் மாட்டி ஓட்டிக் காட்டிய ஒயர் அப்பா கணக்கில் பாஸ்கரனின் கயிறு. அதைச் சுருட்டி மரியாதையாக அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். புதுக்கயிறும் வாங்கி வந்திருந்தார். மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். ரேடியோவுக்குப் போடுகிற ஒயர். கம்ப்யூட்டரில் சேராது.

சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. தெருமுனை பூத்திலிருந்து கடைக்குப் போன் போட்டேன். சாயங்காலம் பாஸ்கரனே மொபெட்டில் அதே ஒயர்களோடு வந்துவிட்டார். அப்பா கையை நீட்ட மறுத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். பாஸ்கரன் ஒரு நிமிடம் யோசித்தார். திரும்பக் கடைக்குப் போய், பிரிக்காத கவரோடு இரண்டு புது ஒயர் கொண்டுவந்தார்.

"இது இன்னும் எதுலயும் கட்டாத கயிறுங்கய்யா" என்றார்.

அப்பா வாங்கிக்கொண்டார். பாஸ்கரனுக்கு அம்மா பணியாரம் கொடுத்தார். அந்த நல்ல மனிதர் இப்போது எங்கே இருக்கிறாரோ, எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

என்ன படிக்குது?

அந்தக் கம்ப்யூட்டரால் நான் பெரிய ஆளாகி வெளிநாடு போனேன் என்று முடித்தால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். நான் போகவில்லை. ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். பரீட்சையில் மார்க் கூடவும் இல்லை, மாமா பயந்த அளவுக்குக் குறையவும் இல்லை. அம்மா ஒரு மாதம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பிறகு கரண்டியோடு வந்து நிற்க ஆரம்பித்தார். பிறகு, "அந்த வளைவுல மெதுவாப் போடி, போன தடவ அங்கதான் முட்டுன" என்று சொல்ல ஆரம்பித்தார். துண்டுக்குள் பேசிய நேரத்தைத் தாண்டாமல் எழுந்துவிடுவேன், பெரும்பாலும்.

ஒருநாள் ஊரிலிருந்து அப்பாவின் பெரியப்பா மகன், எனக்குப் பெரியப்பா, கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தார். மீசையும் குரலும் ஆளைத் தூக்கிப்போடும். அவர் வந்தால் நாங்கள் எல்லோரும் எழுந்து நிற்போம். நான் உள் அறையில் விளையாடிக்கொண்டிருந்தேன். கூடத்தில் பேசுவது நன்றாகக் கேட்டது.

"ஏப்பா காசி, புள்ளைக்குக் கம்ப்யூட்டரு வாங்கிக் குடுத்துருக்கியாமுல்ல. என்ன படிக்குது அதுல?"

அம்மா முந்திக்கொண்டார். "அது ஏதோ ப்ராஜக்ட்டாம் மச்சான்..."

அம்மா என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஊருக்குள் ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதே என்று சொன்னார். அப்பா ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் போதும், பேச்சு அதோடு முடிந்திருக்கும்.

"படிக்கலண்ணே. வெளையாடுது" என்றார் அப்பா.

"வெளையாடவா? இம்புட்டுப் பெரிய புள்ளையா?"

"ஆமாண்ணே. கார் ஓட்டும். வாங்க, வந்து பாருங்க."

எங்கள் ஊர்ப் பெண்களைப் படிக்க வைத்த அப்பாக்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கெல்லாம் கோடிப் புண்ணியம். சும்மா விளையாட விட்டு, அதை நாலு பேர் முன்னால் கூசாமல் சொல்லவும் செய்த அப்பா எனக்கு வாய்த்தார். அந்த நன்றியை அவரிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. அதனால்தான் இந்த வாரக் கட்டுரையை முழுக்க அவருக்கே எழுதினேன்.

அன்றைக்குத் திரைச்சீலை விலகியது. பெரியப்பாவின் மீசையைக் கண்டதும் பழக்க தோஷத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழப் போனேன். அப்பாவின் கை என் தோளில் விழுந்தது.

"நீ எந்திரிக்காத தாயி" என்றார். "ஓட்டு."